மழை யாருக்குக் கடன்பட்டது?

விலை கொடுத்து வாங்கிய பொருள் பழுதாயிருந்தால் வாங்கியவன் விற்றவனிடம் முறையிடுகிறான். அம்முறையீட்டில் நியாயம் உண்டு. சட்டமும் அவன் பக்கம் நிற்கும். ஆனால், விலை கொடுத்துப் பெற்ற மூன்று நாள் பயணம் முழுவதும் மழையிலேயே கழிந்துவிட்டால் அவன் யாரிடம் சென்று முறையிடுவது? வானத்தைக் கேட்க முடியாதபோது பக்கத்தில் நிற்கும் மனிதனைக் கேட்டுவிடுவது உலக வழக்காக இருக்கிறது. இவ்வழக்கம் எத்துணை எளிதில் வருகிறது, எத்துணைத் தீங்கைக் கொண்டுவரக்கூடும் என்பதை ஆராய்வதற்குப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையிலிருந்து மழைக்காலத்தில் புறப்படும் ஒரு பாய்மரப் படகே போதும்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஏர்லி பீச் என்றொரு சிற்றூர் உண்டு. அதற்கு எதிரே, கரைக்கும் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கும் இடைப்பட்ட கடலில், விட்சண்டே என வழங்கும் தீவுகள் 74 சிதறிக் கிடக்கின்றன. 1770ஆம் ஆண்டு சூன் திங்களில் கேப்டன் ஜேம்ஸ் குக் இத்தீவுகளுக்கு இடையே தம் கப்பலைச் செலுத்தினார். அன்று கிறித்தவர்களின் பெந்தெகொஸ்தே ஞாயிறு என்பது அவர் கணக்கு. ஆகவே அந்நாளின் ஆங்கிலப் பெயரை அந்நீர்வழிக்குச் சூட்டினார். மேற்கு நோக்கியே உலகைச் சுற்றி வந்தவர் அவர். நாட்கோடு என்னும் ஏற்பாடு அக்காலத்தில் இல்லை. இன்றைய கணக்கின்படி அங்கு அன்று திங்கட்கிழமை. ஞாயிற்றின் பெயரைத் தாங்கிய தீவுகள் திங்கட்கிழமையன்று பெயர் பெற்றன! பெயருக்கும் பொருளுக்கும் இடையே அங்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு நாள் இடைவெளி இருந்திருக்கிறது.

இன்று அத்தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகுகள் பல ஏர்லி பீச்சிலிருந்து புறப்படுகின்றன. அவற்றுள் சில, ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடி ஓய்வு பெற்ற நீண்ட பாய்மரப் படகுகள். இரண்டு இரவும் மூன்று பகலுமாக அமையும் பயணங்களை இளைஞர்கள் பெரிதும் விரும்புகின்றனர். ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருபது முப்பது பேர் ஒரே படகில் ஏறுவர். இவர்களைப் பேக்பேக்கர் என்று உலகம் அழைக்கிறது. முதுகில் சுமக்கும் ஒரு பையே வீடு. அதற்குள் அடங்காத எதுவும் இவர்களுக்கு உடைமை அன்று.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பொழுது போகாமல் ஊர் சுற்றுகிறார்கள், மழை பெய்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன என்று சொல்லி இவர்களுடைய ஏமாற்றத்தைத் தள்ளிவிடுவது எளிது. அவ்வாறு தள்ளுதல் முறையன்று. வேலை செய்துகொண்டே விடுமுறையைக் கழிப்பதற்கென ஆஸ்திரேலிய அரசு 1975ஆம் ஆண்டு முதல் இளைஞர்களுக்கு ஒரு தனி விசா வழங்கி வருகிறது. அந்த விசாவில் வந்து, இரண்டாம் ஆண்டும் தங்க விரும்புவோருள் பல நாட்டினர், பண்ணைவேலை போன்ற குறிப்பிட்ட பணிகளில் 88 நாள் உழைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஏர்லி பீச்சுக்கு வடக்கே போவன் வட்டாரத்தில் தக்காளியும் மாம்பழமும் விளைகின்றன. அவற்றைப் பறிக்கும் கைகளுள் பல இத்தகைய பயணிகளின் கைகள். குனிந்த முதுகோடு தக்காளி பறித்துச் சேர்த்த கூலியில் ஒரு பகுதியை எடுத்து, அத்தீவுகளைக் காண்பதற்காகக் கொடுத்த ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் நாடு பல்லாயிரம் மைலுக்கு அப்பால் உள்ளது. மீண்டும் ஒரு முறை அங்கு வருவோம் என்று எண்ண அவளுக்கு வழியில்லை. அவளுக்குக் கிடைத்தது இந்த மூன்று நாள்தான். அந்த மூன்று நாளும் மழை.

மழை என்றால் வெப்ப மண்டலத்து மழை. திசம்பர் முதல் மார்ச்சு வரை அவ்வட்டாரத்தில் மழைக்காலம். காலையில் வானும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும். மேல்தளத்தில் நிற்க முடியாதவர்கள் கீழறைக்கு இறங்குவர். திறப்புகளை மூடினால் புழுக்கம், திறந்தால் சாரல். எங்கோ ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து நீர் சொட்டத் தொடங்கும். அது சரியாக ஒருவருடைய அடுக்குப் படுக்கையின் தலைமாட்டிலேயே விழும். ஈரத் துண்டுகள், ஈரக் காலணிகள், டீசல் நெடி, இருபத்தைந்து பேரின் மூச்சு. படகு சாய்ந்து ஓடும்போது ஒருவருக்குக் குமட்டினால் அடுத்தவருக்கும் குமட்டும். நீரில் இறங்கிப் பவளத்தைப் பார்க்கலாம் என்றாலோ, ஆறுகள் கொண்டுவந்து கலந்த வண்டலால் கடல் கலங்கிக் கிடக்கும். நவம்பர் முதல் மே வரை கொடிய நச்சு ஜெல்லி மீன்கள் நடமாடும் காலமாதலின், உடல் முழுவதையும் மூடும் மெல்லுடை அணிந்தே நீரில் இறங்க வேண்டும். ஈரமான அவ்வுடையை மறுநாள் காலையில் மீண்டும் உடலில் ஏற்றுவது ஒரு தனித் தவம்.

புகழ் பெற்ற ஒயிட்ஹேவன் கடற்கரை இத்தீவுகளுள் பெரியதான விட்சண்டே தீவின் கிழக்குப் பக்கத்தில் உள்ளது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம். மணலில் நூற்றுக்கு 98 பங்கு தூய சிலிக்கா. கதிரவன் ஒளியில் அம்மணல் கண்ணைக் கூச வைக்கும் வெண்மை உடையது. அதன் வடகோடியில் உள்ள கழிமுகத்தில் வெண்மணலும் நீலநீரும் சுழன்று கலக்கும் காட்சிதான் எல்லா விளம்பரத் தாள்களிலும் இடம் பெறுவது. மேகம் மூடிய நாளில் அங்கு நீலம் இல்லை, சுழலும் தெரிவதில்லை. மணல் மட்டும் ஈரமாய்க் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் வினா எழுகிறது. தக்காளி பறித்தவளுக்கு ஏதேனும் அநீதி இழைக்கப்பட்டதா?

அவள் கொடுத்த பணம் எதை வாங்கியது என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். படகில் ஓர் இடத்தை வாங்கியது; மூன்று நாள் உணவை வாங்கியது; ஓட்டையில்லாத படகையும், கடலறிந்த ஒரு மீகாமனையும், அவனுடைய விழிப்பையும் வாங்கியது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவள் முறையிடலாம், முறையிடவும் வேண்டும். இன்னும் ஒன்றையும் அவள் பணம் வாங்கியது. அதுதான் உண்மை. பிப்ரவரியில் சீட்டு விற்பவர், பிப்ரவரி மழைமாதம் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர். விளம்பரத் தாளில் அச்சிட்ட நீல வானம் பொய்யன்று. அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். ஆனால், அந்த ஒரு நாளை மட்டும் காட்டி எல்லா நாளையும் விற்பது பொய்க்கு மிக அண்மையில் வாழ்கிறது. கேட்டால் சொல்வோம் என்பது வணிகர் சிலரின் வாதம். கேட்கத் தெரியாதவரிடம் பெற்ற காசு என்ன காசு?

ஆக, விற்றவர் பருவத்தை மறைத்திருந்தால் அவள் குறை கூறலாம். பருவத்தைச் சொல்லி, அவளும் அறிந்தே ஏறியிருந்தால்? அப்போதும் அவள் நெஞ்சு வருந்தும். அவ்வருத்தத்திற்கு என்ன மதிப்பு?

கிரேக்க அறிஞர் எபிக்டீட்டஸ் இதற்கு விடை வைத்திருக்கிறார். அடிமையாகப் பிறந்து பின்பு விடுதலை பெற்று ஆசிரியராக விளங்கிய அவர், கடற்பயணத்தையே உவமையாகக் கொள்கிறார். மீகாமனைத் தேர்ந்தெடுப்பதும், மாலுமிகளையும் நாளையும் பொழுதையும் தேர்ந்தெடுப்பதும் பயணியின் கையில் உள்ளன. அதன்பின் புயல் வந்தால் அது பயணியின் பொறுப்பன்று, மீகாமனின் வேலை. அதற்காக அவன் உள்ளம் கலங்க வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. அடிமையாய் வாழ்ந்த ஒருவர் சொன்னதாதலின் இதை ஏளனம் செய்ய இயலாது. தன் கையில் இல்லாதவற்றை விட்டுவிடக் கற்றதால்தான் அவர் உடைந்து போகாமல் வாழ்ந்தார்.

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. எதையும் பொருட்படுத்தாத நெஞ்சுக்கு ஏமாற்றம் இல்லை என்பது உண்மையே. அந்நெஞ்சுக்கு ஒயிட்ஹேவனும் இல்லை. காண வேண்டும் என்று பெரிதும் விரும்பியவர்தாம் காணாதபோது வருந்துவர். அவ்வருத்தம் அழகை மதித்ததற்கு அவர் கொடுக்கும் விலை. அதை அறியாமை என்றோ சிறுபிள்ளைத்தனம் என்றோ ஒதுக்குவோர், விரும்புதலையே குற்றமாக்கிவிடுகின்றனர். ஆகவே, தக்காளி பறித்தவள் மேல்தளத்தின் ஓரத்தில் மழைச்சட்டையோடு அமர்ந்து, தெரியாத தீவுகள் இருக்கும் திசையை நோக்கிக் கண் கலங்கினால், யாரும் அவளுக்குத் தத்துவம் சொல்ல வேண்டுவதில்லை. தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

தீங்கு தொடங்கும் இடம் வேறு. வருத்தம் வேறு, குறை வேறு. வருத்தம், 'எனக்குக் கிடைக்கவில்லை' என்கிறது. குறையோ, 'எனக்குக் கொடுக்க வேண்டியதை ஒருவர் கொடுக்கவில்லை' என்கிறது. முன்னதற்கு எதிரி தேவையில்லை. பின்னது எதிரி இல்லாமல் நிற்காது. வருத்தத்தைத் தாங்குவது கடினம். அதைக் குறையாக மாற்றிவிட்டால் தாங்குவது எளிதாகிறது. ஏனெனில், பாரத்தில் பாதியை இன்னொருவர் தோளில் ஏற்றியாயிற்று. மழை பெய்யும் படகில் அத்தோள் பெரும்பாலும் மீகாமனின் தோளாகவே இருக்கும்.

இரண்டாம் நாள் காலையை எண்ணிப் பார்க்கலாம். வானிலை அலுவலகத்தின் அறிவிப்பு வானொலியில் வருகிறது. காற்றின் சராசரி வேகம் மணிக்கு 26 கடல்மைலை எட்டுமானால் ஆஸ்திரேலியாவில் வலுக்காற்று எச்சரிக்கை விடுப்பர். அவ்வெச்சரிக்கை வந்திருக்கிறது. மேற்கிலிருந்து ஒயிட்ஹேவனுக்குப் போக வேண்டுமானால் ஹூக் நீரிணையையோ சோல்வே நீரிணையையோ கடக்க வேண்டும். இரண்டும் குறுகலானவை. பெருங்கடலோதத்தின்போது அங்கு நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்குமாதலால் நீரோட்டம் விரைவானது. ஓட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் வேளையில் அலைகள் செங்குத்தாக எழும்பி உடையும். மீகாமன் சுருக்கமாகச் சொல்கிறான்: இன்று அங்குப் போவதில்லை, ஹூக் தீவின் நாரா நுழைகழியில் நங்கூரம் இட்டுத் தங்குவோம்.

உடனே முணுமுணுப்பு எழுகிறது. ஒருவர், நேற்று வேறொரு படகு போனதாகக் கேள்விப்பட்டேன் என்கிறார். இன்னொருவர், காற்று அவ்வளவாகத் தெரியவில்லையே என்கிறார். நங்கூரம் இட்ட இடம் மலையடியில் ஒதுக்கமாக இருப்பதால்தான் காற்று தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கடைசியாக, எல்லோரையும் கேட்டுப் பெரும்பான்மைப்படி முடிவு செய்யலாமே என்கிறார் மூன்றாமவர். இருபத்தைந்து பேர் பணம் கொடுத்திருக்கின்றனர்; ஒருவன் வேண்டாம் என்கிறான். குடியாட்சி முறையில் பழகிய காதுகளுக்கு இது நேர்மையான யோசனையாகவே படும்.

பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில் இத்தகைய கப்பல் ஒன்றை வருணிக்கிறார். மாலுமிகள் சுக்கானைப் பிடிக்கத் தங்களுக்குள் சண்டையிடுகின்றனர். காற்றையும் விண்மீன்களையும் பருவங்களையும் கற்றறிந்த உண்மையான மீகாமனை, வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் வெற்று ஆள் என்று இகழ்கின்றனர். இவ்வுவமையைப் பிளேட்டோ குடியாட்சிக்கு எதிரான வாதமாகவே பயன்படுத்தினார். நாட்டிற்கு அது பொருந்தாது. நாடு எங்கே போக வேண்டும் என்பதையே மக்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். அதை அவர்களுக்காக முடிவு செய்யும் அறிஞன் எவனும் இல்லை. படகில் நிலைமை வேறு. போகுமிடம் முன்பே ஒப்புக்கொண்டது. உயிரோடு திரும்புவதும் ஒப்புக்கொண்டது. எஞ்சியிருப்பது, இந்த நீரிணையை இந்தக் காற்றில் கடக்கலாமா என்ற ஒரே வினா. இதற்கு விடை கையெண்ணிக்கையில் இல்லை. இருபத்தைந்து கைகள் உயர்ந்தாலும் அலை ஒரு சாண் தாழ்வதில்லை. உவமை சொன்ன இடத்தில் தவறிய பிளேட்டோ, உவமையாகிய கப்பலில் சரியாகவே நிற்கிறார்.

எனினும் மீகாமனுக்கும் ஒரு கடமை உண்டு. 'நான் சொன்னால் சொன்னதுதான்' என்று சுக்கானின் பின்னே மறைந்துகொள்பவன் தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறான். வரைபடத்தை விரித்து, காற்று எங்கிருந்து வருகிறது, ஓட்டம் எப்போது திரும்பும், ஏன் போக முடியாது என்று காட்ட வேண்டும். முடிவு அவனுடையது, காரணம் எல்லோருக்கும் உரியது. காரணம் தெரிந்தவரின் ஏமாற்றம் வருத்தமாகவே நின்றுவிடும்; தெரியாதவரின் ஏமாற்றம் குறையாகப் புளித்துப் போகும்.

இவையெல்லாம் ஒரு விடுமுறைப் பயணத்தின் சிறு சச்சரவுகள்தாமே என்று தோன்றலாம். 2018ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள், தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு அருகில், வானிலை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த பருவக்காற்றுக் கடலில் 'பீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு மூழ்கியது. சீனப் பயணிகள் 47 பேர் மாண்டனர். அவர்கள் யாரையும் வற்புறுத்தினார்கள் என்று சொல்வதற்கில்லை. நம்பி ஏறினார்கள், அவ்வளவே. போகக் கூடாத நாளில் போகவேண்டாம் என்று சொல்லும் ஒரு வாய் அவர்களுக்கு வாய்க்கவில்லை. விட்சண்டே தீவுகளும் இக்கணக்கை அறியாதவை அல்ல. 1970ஆம் ஆண்டு சனவரியில் 'ஏடா' சூறாவளி அங்கு 14 உயிர்களைக் கொண்டது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு 28இல் 'டெபி' சூறாவளி ஏர்லி பீச்சுக்கு அருகில் கரையேறியபோது ஹாமில்டன் தீவில் காற்றின் வீச்சு மணிக்கு 263 கிலோமீட்டராகப் பதிவாயிற்று. இந்நீர்ப்பரப்பில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைக் கேட்டுக் கசப்படைவோர் அனைவரும், அக்கசப்பை அடைவதற்கு உயிரோடு இருக்கின்றனர். நேராத விபத்துக்கு எவரும் நன்றி கூறுவதில்லை. மீகாமனின் நற்செயல் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், அது வென்றுவிட்டது என்பதே. ஆசிரியர் தொழிலில் இருப்போருக்கு இது புதிதன்று.

இனி, மூடிய கீழறைக்குள் நடப்பதைச் சற்று நோக்கலாம். வெயில் நாளில் அங்கு அறம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. எல்லோருக்கும் மேல்தளம் போதுமான அகலம்; நல்லவராய் இருப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மழை நாளில்தான் ஒவ்வொரு பொருளும் எண்ணிக்கைக்கு உட்படுகிறது. உலர்ந்த துண்டு எத்தனை? நீர் சொட்டாத படுக்கை எத்தனை? சொட்டும் படுக்கை யாருக்கு வாய்த்ததோ அவர் இரவு முழுவதும் நனைவதா, அல்லது முறை வைத்து மாறிக்கொள்வதா? மூன்றே நாளில் பிரிந்துபோகும் அயலாருக்காக ஒருவர் தம் உலர்ந்த படுக்கையில் பாதி இரவை விட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவரா? சீட்டை முன்கூட்டியே வாங்கியவர், 'இது என் எண் இட்ட படுக்கை' என்று சொன்னால் சட்டப்படி அவர் சொல்வது சரியே.

கணியன் பூங்குன்றனார் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். உலகம் முழுவதையும் தம் ஊராகவும் எல்லோரையும் தம் உறவாகவும் கொண்ட அவருடைய பாட்டைப் (புறநானூறு 192) பள்ளி மாணவரும் அறிவர். அப்பாட்டின் நடுவில் வரும் உவமையைத்தான் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். வானம் மழையைப் பொழிய, அதனால் பெருகிக் கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் அடித்துச் செல்லப்படும் ஒரு புணைதான் அது. எல்லோரையும் உறவாகக் கண்ட அப்புலவர், உயிர் வாழ்க்கைக்கு உவமை தேடியபோது வெயிலில் தேடவில்லை; மழையில்தான் தேடினார். முறைவழியே செல்லும் புணையின் மேல் பெரியோர் என்று வியப்பதற்கும், அதைக் காட்டிலும், சிறியோர் என்று இகழ்வதற்கும் இடமில்லை என்று முடிக்கிறார். ஒரே வெள்ளத்தில் போவோருக்கு எண் இட்ட படுக்கை ஏது?

எனினும் புணைக்கும் பாய்மரப் படகுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. புணை நீர் போகும் வழியே போகிறது. படகுக்குச் சுக்கான் உண்டு; நங்கூரம் உண்டு; எதிர்க்காற்றிலும் கோணி கோணி முன்னேறும் பாய் உண்டு. மழை பெய்வது யார் கையிலும் இல்லை. எங்கு ஒதுங்குவது என்பது மீகாமன் கையில் இருக்கிறது. உலர்ந்த துண்டு யாருக்கு என்பது இருபத்தைந்து பேர் கையிலும் இருக்கிறது. ஊழை நினைத்துப் பெருமூச்சு விடுவோர், தம் கையில் உள்ள அந்தத் துண்டை மறந்துவிடுகின்றனர்.

மழையின் மீது வழக்குத் தொடுக்க முற்படுவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். அதே மேகம் அன்றைக்கு எங்கெல்லாம் பெய்கிறது? தீவுகளுக்கு நேர் மேற்கே, புரோசர்பைன் வட்டாரம் முழுதும் கரும்பு வயல்கள். படகில் இருப்போர் சபிக்கும் அம்மழைக்காக அங்கு ஒருவர் வானத்தைப் பார்த்தபடி காத்திருந்திருப்பார். வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்த வள்ளுவர், கெடுதலும் வாழ்வும் ஒரே மழையால் வருவதை மறைக்கவில்லை. மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியலில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் நனைந்துவிடும்; மரம் நனைந்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. லயத்து வாசலில் நின்று மழையைப் பார்த்த அந்தத் தாய்க்கும் வருத்தம் உண்டு. அவள் இழந்தது காட்சி அன்று, அடுப்பு. அவளே மாலையில், மழை நல்லது, மரத்துக்கு நல்லது என்றும் சொல்வாள். தனக்கு வந்த இழப்பையும் பிறவற்றுக்கு வந்த நலத்தையும் ஒரே வாயால் சொல்ல அவளால் முடிந்தது. இதைக் கொண்டு விடுமுறைப் பயணியின் கண்ணீரை அற்பம் என்று தீர்ப்பளிக்க வேண்டுவதில்லை. கூலி வேறு, காட்சி வேறு. இழந்தவர் எவரேனும் மழையைத் தம் கண் கொண்டு மட்டும் பார்க்காமல் இருக்க முடியும் என்பதற்கு அத்தாய் சான்று.

மீகாமன் ஒதுங்கிய நாரா நுழைகழி இரு மலைகளுக்கு நடுவே நீண்டு உட்புகும் அமைதியான நீர். ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு ஒதுங்கியவர் உண்டு. நாரோ என்னும் கடலோடிப் பழங்குடியினர் ஏறத்தாழ 9000 ஆண்டுகளாக இத்தீவுகளில் வாழ்ந்ததைத் தொல்லியல் காட்டுகிறது. அவர்கள் தங்கிய பாறைக் குகையும் அதன் சுவரில் தீட்டிய ஓவியங்களும் அக்கழியின் மேலேயே இருக்கின்றன. மரப்பட்டையால் செய்த ஓடங்களில் தீவுக்குத் தீவு சென்றவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் குடியேற்றம் அவர்களை இத்தீவுகளிலிருந்து அகற்றியது. 'நான் வாங்கிய தீவு எனக்குக் கிடைக்கவில்லை' என்று முணுமுணுப்பவர் நிற்கும் இடத்திலிருந்து, யாரும் வாங்காமலேயே பறித்துக்கொண்ட தீவின் குகை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது.

பெருமழைக்குப் பின் அந்நுழைகழியின் செங்குத்தான பாறைச் சரிவுகளில் அருவிகள் தோன்றும். வெயில் காலத்தில் வருவோர் வறண்ட பாறையைத்தான் காண்பர். விளம்பரத் தாள்களில் இவ்வருவிகளுக்கு இடம் இல்லை. மழையை நம்பி யாரும் சீட்டு விற்பதில்லை. ஒயிட்ஹேவனுக்கு இது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்பதே நேர்மையான விடை. ஒன்றை இழந்ததற்கு இன்னொன்று ஈடு என்று கணக்கிடத் தொடங்கினால், மழையை மீண்டும் கடனாளியாக்கியதாகிவிடும். அருவி யாருக்கும் ஈடாக விழவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில் படகு ஏர்லி பீச்சுக்குத் திரும்புகிறது. மழை சற்று விட்டிருக்கிறது. பைகள் முதுகில் ஏறுகின்றன. சிலர் முகவரி மாற்றிக்கொள்கின்றனர். சிலர் திரும்பிப் பாராமல் நடக்கின்றனர். தக்காளி பறித்தவள், இரண்டாம் இரவு தனக்குக் கிடைத்த உலர்ந்த துண்டை உரியவரிடம் கொடுப்பதற்காகச் சற்று நிற்கிறாள். பந்தல் போட்ட துறைமேடையில் அடுத்த குழு நின்றுகொண்டிருக்கிறது. மீகாமன் ஈரப் படுக்கைகளைத் துடைத்துவிட்டு, சொட்டும் இடுக்கில் மெழுகுத்துணியைச் செருகுகிறான். பிறகு வானொலியைத் திருப்பி, நாளைய காற்றைக் கேட்கிறான்.